கெலமங்கலத்தில் செடி வைப்பவருக்கும் நடை போகிறவருக்கும்

ஓசூரை அடுத்த கெலமங்கலத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கம்பெனி பஸ் எங்கே நிற்கும், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் மொட்டைமாடியில் பெயிண்ட் டப்பா வைக்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். ஓசூர் வட்டாரம் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்துத் தளியை வெள்ளைக்காரர்கள் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்றே அழைத்தார்கள். செம்மண், நல்ல வெயில், மார்கழியில் காலை எட்டு மணிவரை விலகாத மூடுபனி எல்லாம் சேர்ந்த இடம் இது. சேலத்திலோ வேலூரிலோ சித்திரையில் கருகிப்போகிற செடி இங்கே தழைத்து நிற்கும்.

டாடா எலக்ட்ரானிக்ஸ் இந்தப் பக்கம் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ வந்த இளம் பெண்களும் பையன்களும் இங்கே தங்கியிருக்கிறார்கள். ஓசூர் ஆலைகளுக்கு ஷிப்டு போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அறை, பஸ், ஆலை, மறுபடியும் அறை என்று அவர்கள் நாள் முடிந்துவிடுகிறது. சுற்றிலும் ராகிக் கொல்லை, ஏரிக்கரை, பாறை, காடு எல்லாம் இருந்தும் கண்ணில் படாமல் வருஷங்கள் போகின்றன. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். செடி வைப்பதும் நடப்பதும் இங்கே செலவில்லாத பெரிய சுகம். ஆனால் இந்த ஊருக்கென்று ஒரு மாதக் கணக்கு உண்டு. எதை எப்போது விதைப்பது, எந்த வழியை எப்போது யானைக்கு விட்டுவிடுவது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறது. அது கைவந்தால்தான் சுகம் முழுசாகக் கிடைக்கும்.

செய்ய வேண்டியவை

ஆடியில் அவரை போடுங்கள். ஒரே ஒரு செடிதான் வைக்க இடம் என்றால் நாட்டு அவரை வையுங்கள். இந்த மண்ணின் பயிர் அது. மானாவாரிக் கொல்லைகளில் ராகிக்கு நடுவே சால் விட்டு அவரையும் கடுகும் போடுவது இங்கே பழைய வழக்கம். ஒரு பழைய சிமெண்டு சாக்கில் பாதி செம்மண்ணும் பாதி மக்கின சாணி எருவும் நிரப்பி மூன்று விதை ஊன்றினால் போதும். மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதுவே ஏறிவிடும்.

தையில் ஊன்றிவிட்டு ‘கொடி படருது, பூவே இல்லை’ என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நாட்டு அவரை பகல் குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்த பிறகுதான் அதற்குப் பூக்கும் நினைப்பே வரும். தையில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகும், கொடியும் இலை இலையாக விட்டுக்கொண்டே போகும். சாமந்திக்கும் இதே குணம்தான். ஓசூர்ப் பக்கம் இரவில் பஸ்ஸில் வரும்போது சில சாமந்தித் தோட்டங்களில் வரிசை வரிசையாகப் பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரியிலும் வெளிச்சம் காட்டிப் பகல் நீளமாக இருப்பதாகச் செடியை நம்பவைக்கிறார்கள். செடி நன்றாக உயர்ந்த பிறகு விளக்கை அணைப்பார்கள், பூ வரும். சந்தைத் தேதிக்குப் பூவைக் கொண்டுவர அவர்களுக்கு இந்த வித்தை வேண்டும். நமக்கு வேண்டாம். ஆடியில் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

மார்கழிப் பனியில் காய் பிடிக்கும். விடிந்ததும் போய்ப் பறித்துப் பாருங்கள். விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். அதன் வாசனை கை கழுவின பிறகும் கொஞ்ச நேரம் போகாது. பனி விழ விழத்தான் காய்க்கு அந்த மணம் ஏறும் என்பது இங்கத்துப் பெரியவர்கள் சொல். முற்றின காயை உரித்துக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிக் குழம்பு வைத்து ராகிக் களியோடு சாப்பிட வேண்டும். பிதுக்குப் பருப்புக் குழம்புக்காகவே தை மாதத்தை எதிர்பார்க்கிற வீடுகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். எல்லையைத் தாண்டினால் பெங்களூரிலும் அதே ஏக்கம்தான், ஜனவரியில் அங்கே அவரைக்காய்க்கென்றே மேளா நடத்துகிறார்கள்.

தக்காளி, குடைமிளகாய், கோஸுக்கு நாற்றாகவே வாங்குங்கள். இந்த வட்டாரத்தில் குழித்தட்டு நாற்று விற்கும் நர்சரிகள் நிறைய. விவசாயிகளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள்தான், ஆனாலும் வீட்டுக்கு நாலு வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சாயங்காலம் நடுங்கள். வெயிலில் நட்ட நாற்று துவண்டுவிடும்.

அரிசி, பருப்பு கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் கறையாலும் எலும்பு வலியாலும் ஒரு தலைமுறையே கஷ்டப்பட்டது. அதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் அது மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வளவு தூரம் ஏறி வருகிற குடிதண்ணீரை ஹோஸ் வைத்து ரோஜாவுக்கு அடிக்க மனசு வரக்கூடாது. சமையலறையில் ஒரு வாளி வைத்துக்கொண்டால் நாலைந்து தொட்டிக்கு அதுவே போதும். குளிர் மாதங்களில் காலையில் மட்டும் ஊற்றுங்கள். ராத்திரி ஈரத்தோடு பனியும் சேர்ந்தால் தக்காளி இலை கருகிப்போகும்.

ரோஜாவைத் தைரியமாக வெட்டுங்கள். ஓசூர் ரோஜா பிப்ரவரி 14-க்கு விமானம் ஏறுகிற ரோஜா. பசுமைக்குடில்களில் வளரும் ‘தாஜ்மகால்’ என்ற சிவப்பு ரகத்துக்கு நல்ல பேர். நம் வீட்டுக்குப் பன்னீர் ரோஜாவோ பட்டன் ரோஜாவோ போதும். மழை ஓய்ந்ததும் காய்ந்த கிளை, குச்சிக் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் கவாத்து பண்ணுங்கள். வெட்டி ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூ வரும். பெரிய தோட்டக்காரர்களும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பிப்ரவரியைப் பிடிக்கிறார்கள்.

எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவை விட்டுவையுங்கள். இதை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொட்டியில் எலுமிச்சையோ நாரத்தையோ வைத்தால் சீக்கிரமே ஒரு பட்டாம்பூச்சி வந்து தளிரில் முட்டையிடும். கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாக, உருண்டையாக இருக்கும். பொரிந்து வரும் புழுவைப் பார்த்தால் குருவி எச்சம் இலையில் கிடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள், கறுப்பும் வெள்ளையும் கலந்து அப்படியே இருக்கும். குருவியை ஏமாற்றத்தான் அந்த வேஷம். வளர்ந்த பிறகு தோலுரித்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை போன்ற ஒன்றை வெளியே நீட்டும், குப்பென்று ஒரு வாடை அடிக்கும். பயமுறுத்துகிறதாம்! கொஞ்ச நேரத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு தண்டில் ஒரு நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீடாக இருந்தால் அந்த மாதம் அவர்களுக்கு டிவி தேவைப்படாது. செடிக்குப் போகிறது நாற்பது இலைதான், மறுபடியும் துளிர்க்கும்.

கொல்லை வழியாக நடங்கள். மெயின் ரோட்டோரம் நடப்பது நடையே இல்லை. கல் லாரியும் கம்பெனி பஸ்ஸும் போய்க்கொண்டே இருக்கும். ஊர் எல்லையைத் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கிவிடுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் ராகிக் கதிர் விரல் மடக்கி நிற்கும். மின்கம்பியில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். அது பறக்கும்போது பாருங்கள், உட்கார்ந்திருக்கையில் மங்கின நிறமாக இருந்த பறவைக்குள் அவ்வளவு நீலம் எங்கே இருந்தது என்று தோன்றும். ஏரிக்கரைப் புங்க மரங்கள் கோடையில் இளந்தளிர் விட்டு நிற்கும்போது அதன் கீழே ஐந்து நிமிஷம் உட்காருங்கள். வெயில் தெரியாது.

எதிரே வருகிறவர்களோடு பேசுங்கள். ஆடு மேய்க்கும் அம்மா தெலுங்கில் கேட்பார், மாட்டுவண்டிக்காரர் கன்னடத்தில் ‘ஊட்ட ஆயித்தா’ என்பார், டீக்கடையில் உருது கேட்கும், நீங்கள் தமிழில் பதில் சொல்லலாம். இந்த ஊரில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. வரப்பில் நடக்குமுன் ‘இப்படிப் போகலாங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அடுத்த வாரம் அவர்களே நாலு தக்காளி கையில் கொடுப்பார்கள்.

முழு நாள் லீவு கிடைத்தால் ராயக்கோட்டைத் துருகம் ஏறுங்கள். வெயில் ஏறுமுன் மேலே போய்விட வேண்டும். கெலமங்கலம் ஒன்றியத்திலேயே இருக்கும் பெட்டமுகிலாளம் மலைக்குப் பகலில் பஸ்ஸிலோ வண்டியிலோ போய், ஊருக்குள் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பலாம். கீழே புழுக்கமாக இருக்கும் நாளிலும் அங்கே காற்று வேறு.

நடந்து வந்ததும் நாலு வரி எழுதிவையுங்கள். தேதி, பார்த்தது, மனசில் பட்டது அவ்வளவுதான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் ஒரு இயற்கைப் பத்தி எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரியில் காலமாகும்வரை நிறுத்தவே இல்லை. யானை, புலி பற்றி மட்டும் எழுதியவர் இல்லை. அணில், காக்கை, ஆந்தை, தெருவோர மரம் என்று கண்ணெதிரே இருப்பதையெல்லாம் எழுதினார். தமிழிலும் நிறைய எழுதியிருக்கிறார். அவரைப் போல எழுத வேண்டியதில்லை. போன வருஷம் புங்கன் எப்போது பூத்தது, முதல் மூடுபனி எந்த நாளில் இறங்கியது என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் இந்த ஊரில் நீங்கள் விருந்தாளி இல்லை.

எழுதும்போது சிந்தனை எங்கெங்கோ போகும், போகட்டும். 1799 மார்ச்சில் திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் படையெடுத்துப் போன ஆங்கிலேய ஜெனரல் ஹாரிஸின் சேனை இந்தக் கெலமங்கலத்தில்தான் முகாம் போட்டது. பீரங்கி இழுக்கவும் தானியம் சுமக்கவும் வந்த மாடுகளுக்கு எந்த ஏரித் தண்ணீர் போதும், எவ்வளவு சோளத்தட்டு வேண்டும், இங்கத்துக் குடியானவன் அந்த வருஷம் என்ன சாப்பிட்டான் என்று கொல்லை ஓரம் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். புத்தகங்கள் திப்புவைப் பற்றிச் சொல்கின்றன, ஹாரிஸைப் பற்றிச் சொல்கின்றன. ராகிக் கொல்லைக்காரனைப் பற்றி யாரும் எழுதவில்லை.

செய்யக்கூடாதவை

ஐப்பசி முதல் மாசி வரை இருட்டில் நடக்காதீர்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. ராகி முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாக வரும். நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு காடுகளில் பகலில் தங்கும். பொழுது சாய்ந்ததும் கொல்லையில் இறங்கும், விடிந்த பிறகு திரும்பும். அந்த வலசை நம் பஞ்சாயத்துக்கும் சிப்காட்டுக்கும் முந்தியது. 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது இந்தக் காடுகளை ஒட்டித்தான்.

காட்டை ஒட்டிய பாதை என்றால் சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு போங்கள், நாலரை, ஐந்துக்குள் திரும்பிவிடுங்கள். மூடுபனியில் பத்தடி தூரத்தில் நிற்கும் யானையும் தெரியாது. அதிகாலையில் வயலுக்குப் போனவர், சைக்கிளில் பால் கொண்டுபோனவர் தாக்கப்பட்ட செய்தி வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறது. நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், குறுக்குவழி என்று காட்டுப்பாதையில் இறங்கவே கூடாது.

காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கிளை ஒடியும் சத்தம்தான் முதல் எச்சரிக்கை. பாதையில் யானை லத்தி கிடந்தால் நின்று பாருங்கள். ஈரமாக, ஆவியோடு, ராகித் தட்டின் நார் தெரிய இருந்தால் அது இன்றைய லத்தி, வந்த வழியே திரும்பிவிடுங்கள். காய்ந்து, சாணி வண்டு துளைத்திருந்தால் பழசு. வனத்துறை மைக்கில் அறிவித்தால் அந்தப் பக்கம் அன்றைக்குப் போகாதீர்கள். கூட்டம் கூட்டமாகப் போய் செல்போனில் படம் பிடிப்பதும் கூச்சல் போடுவதும் குட்டி வைத்திருக்கும் தாயை வெறியேற்றும். அதன் கோபம் நம்மோடு முடியாது, அடுத்து எதிர்ப்படும் விவசாயி மேல் போய் விழும்.

தளிப் பக்கத்து ஜவளகிரியையும் கும்மளாபுரத்தையும் உலகத்துக்குச் சொன்னது பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். 1954-ல் வந்த அவருடைய முதல் வேட்டைப் புத்தகத்தில் இந்த ஊர்களின் ஆட்கொல்லிக் கதைகள் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு ராத்திரியில் காட்டுக்குள் பைக்கில் போகக் கிளம்பும் வாலிபர்கள் இருக்கிறார்கள். ஆண்டர்சன் தடம் பார்த்து, ஊர்க்காரர் சொல் கேட்டு, காட்டில் பல வருஷம் நடந்து பழகியவர். பைக்கில் போகிறவர்கள் புத்தகத்தின் அந்தப் பகுதியைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

வேலிக் கம்பியைத் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். சோலார் வேலி ஒரு அடி கொடுத்து விட்டுவிடும். திருட்டுத்தனமாக மெயின் லைனிலிருந்து இழுத்த வேலி உயிரை எடுக்கும். எது எது என்று பார்த்துச் சொல்ல நம்மால் முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் மாட்டி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பி, விழுந்து கிடந்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதைப் படித்த அன்று இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் சோறு இறங்கவில்லை. சந்தேகப்படும்படி கம்பி இழுத்திருந்தால் மின்வாரியத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். ராத்திரி முழுக்கப் பரண்மேல் குளிரில் உட்கார்ந்து காவல் காக்கும் விவசாயியின் வேதனையும் நிஜம்தான். பயிர்ச் சேத இழப்பீடு தாமதமில்லாமல் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் மின்சாரத்தால் அதைத் தீர்க்க முடியாது.

காட்டோர வீடுகளில் வாழையும் பலாவும் வைக்காதீர்கள். பலாப்பழ வாசனை வெகுதூரத்துக்குப் போகும். யானையை வீட்டு வாசலுக்கு நாமே அழைத்த கதையாகிவிடும். ஊருக்கு நடுவில் என்றால் தாராளமாக வையுங்கள்.

உண்ணிச்செடியை அழகுக்காக வேலியில் நடாதீர்கள். பூ பல நிறத்தில் இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துக்காக வந்த அந்தச் செடிதான் இன்றைக்குக் காடெல்லாம் மண்டிக்கிடக்கிறது. அதன் பழத்தைப் பறவை தின்று எங்கும் விதைக்கிறது. புல் முளைக்க இடமில்லாமல் போனால் மானும் யானையும் தீவனத்துக்கு எங்கே போகும்? வேலிக்குச் செம்பருத்தி வையுங்கள், தேன்சிட்டு வரும்.

மருந்து அடிக்கும் தோட்டத்தின் ஓரமாக நடக்காதீர்கள். ரோஜா, தக்காளி, குடைமிளகாய்க்கு அடிக்கடி மருந்து தெளிப்பார்கள். காற்று அடிக்கும் திசையைப் பார்த்து ஒதுங்கிப் போங்கள். வழியில் தக்காளியைப் பறித்துத் துடைத்து வாயில் போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை நுரையில் விளையாடாதீர்கள். நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டுதான் நம் எல்லைக்குள் வருகிறது. மழைக்காலத்தில் மதகுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக எழுவது சோப்பும் ரசாயனமும். பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், மனசு பதறுகிறது. கரையில் நின்று நீர்ப்பறவைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டுத் தக்காளிக்கு விலைக் கணக்குப் போடாதீர்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எல்லோரும் தொட்டி வாங்கினார்கள். விலை இறங்கி, பறிப்புக் கூலிக்குக் கட்டாமல் விவசாயிகள் ரோட்டோரம் கொட்டுகிற காலம் வந்ததும் தொட்டிகள் காலியாகிவிட்டன. வீட்டுத் தக்காளியின் இலையை உரசினால் கையில் ஏறும் அந்த வாசனைக்கு எந்தச் சந்தையிலும் விலை எழுதவில்லை.

டார்ச் இல்லாமல் சாயங்காலம் தோட்டத்தில் கை விடாதீர்கள். வைக்கோல் போர், கல் குவியல், இலைக் குப்பை இருக்கும் இடத்தில் கண்ணாடி விரியன் இருக்கலாம். கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம், ஆட்டாமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீடு காலி பண்ணும்போது செடியைப் பிடுங்காதீர்கள். இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டு வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ‘போகப்போகிற வீட்டில் எதுக்குச் செடி’ என்று பலர் தொடங்குவதே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் கைமாறிய 1792-க்குப் பிறகு, அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ இந்தப் பக்கம் வந்தார். தருமபுரியில் ஒரு தோட்டம் போட்டு அதன்மேல் உயிராக இருந்தார். 1799-ல் கனராவுக்கு மாற்றல் வந்தது, விட்டுவிட்டுப் போனார். மாற்றல் வரும் என்று தெரிந்த உத்தியோகஸ்தர்தான் அவர், அதற்காகச் செடி வைக்காமல் இருக்கவில்லை.

தொட்டிகளை எடுத்துப் போகலாம். மண்ணில் வேர் பிடித்த கறிவேப்பிலையையும் பப்பாளியையும் அவரைப் பந்தலையும் விட்டுவிடுங்கள். முற்றிக் காய்ந்த அவரைக் காய்களை உரித்து, கொட்டையைச் சாம்பலில் புரட்டி, ஒரு டப்பாவில் போட்டுச் சமையலறை அலமாரியில் வையுங்கள். அடுத்துக் குடிவருகிறவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போது விவரத்தையும் சொல்லிவிடுங்கள்: கறிவேப்பிலைக்கு அரிசி கழுவின தண்ணீர் போதும், எலுமிச்சைப் புழுவுக்கு மருந்து அடிக்க வேண்டாம், டப்பாவில் இருப்பதை ஆடியில் ஊன்ற வேண்டும்.